எத்தனை நிமிடம் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிளாக்கோமா அறுவைப் பயிற்சி தொடங்கப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ச்சி. மலையில் காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த கியா பார்மில் வளர்ந்த பிள்ளைக்கு இது பொருத்தமான துறைதான். ஏன் என்று கடிதத்தின் போக்கில் புரியும். நீ கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: “மைட்டோமைசினை எத்தனை நிமிடம் வைப்பது?” பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அறுவை முடிந்த பத்தாம் நாள் அந்தக் கண்ணை யார் பார்ப்பார்கள்?

1968-இல் கேம்பிரிட்ஜில் மருத்துவர் கெய்ர்ன்ஸ், டிராபெகுலெக்டமி என்ற கிளாக்கோமா அறுவையை எழுதி வெளியிட்ட நாளிலிருந்து நம் எதிரி மாறவில்லை: வடு. கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற ஒரு வழி திறக்கிறோம். உடம்புக்கு அது ஒரு காயம். டெனான் சவ்வில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்கள் பெருகி, நார் பின்னி, சில வாரங்களில் அந்த வழியை அடைக்கப் பார்க்கும். அழுத்தம் பழையபடி ஏறிவிடும். இளவயது, முன்பே அறுவை கண்ட கண், பல ஆண்டு சொட்டு மருந்து போட்டுச் சிவந்து தடித்த சவ்வு என்றால் ஆபத்து இன்னும் கூடும்.

இதைத் தடுக்கப் புற்றுநோய் மருந்துகள் இரண்டைக் கடன் வாங்கினோம். முதலாவது 5-ஃப்ளூரோயூராசில். பிளவுபடும் உயிரணுவை அது தடுத்து நிறுத்தும். அமெரிக்காவில் 1980-களில் நடந்த பெரிய ஆய்வில் முதல் வாரம் நாளுக்கு இரண்டு ஊசி, அடுத்த வாரம் நாளுக்கு ஒன்று, ஆக மொத்தம் 21 ஊசி போட்டார்கள். பலன் இருந்தது. ஆனால் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவை இரண்டு வாரம் மருத்துவமனை இருக்கும் ஈப்போவில் தங்கவைக்க முடியுமா? நாள்கூலி போய்விடும், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். இன்று யாரும் 21 ஊசி போடுவதில்லை, தேவைக்கேற்ப ஓரிரண்டு போடுகிறோம். அந்த ஓரிரண்டுக்கும் நோயாளி திரும்பி வர வேண்டும்.

இரண்டாவது மைட்டோமைசின்-சி. 1950-களில் ஜப்பானில் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ஊதா நிற மருந்து. கிளாக்கோமா அறுவையில் இதைக் கொண்டுவந்தவர் தைவான் மருத்துவர் சென், ஆண்டு 1983. உயிரணு பிளவுபடும் வரை இது காத்திருக்காது, டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அறுவை மேசையில் ஒரு முறை வைத்தால் போதும். மலையில் இருப்பவருக்கு இதுதான் தோது என்று தோன்றும். அவசரப்படாதே.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆர். ராமகிருஷ்ணன், ஆர். கிருஷ்ணதாஸ் ஆகியோர் கண் மருத்துவர் ஆலன் ராபினோடு சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. முதல்முறை அறுவைக்கு வந்தவர்களுக்குச் செறிவையும் நிமிடத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வைத்த கண்களில் அழுத்தம் நன்றாக இறங்கியது, கூடவே கண்புரையும் கூடியது. நம்மைப் போன்ற உழைப்பாளி மக்களின் கண்களில் கண்டறிந்த உண்மை அது.

கண்புரையாவது எடுத்துவிடலாம். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி விழித்திரையின் மையமான மாக்குலா சுருங்கினால் பார்வை மங்கும். இளைஞர்களுக்கும் கிட்டப்பார்வைக்காரர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். இன்னொன்று, மருந்து பட்ட இடத்தில் சவ்வு இரத்த ஓட்டம் இழந்து, வெளுத்து, வெங்காயத் தோல்போல் மெலிந்துவிடும். ஆண்டுகள் கழித்தும் அங்கே கிருமி நுழையலாம். ஜப்பானில் மைட்டோமைசின் வைத்த கண்களைப் பின்தொடர்ந்தபோது ஐந்தாண்டில் 2.2 விழுக்காட்டில் கிருமித்தொற்று வந்தது. வெளியேறும் நீர் சவ்வுக்கு அடியில் எழுப்பும் கொப்புளம், அதாவது பிளெப், கசிந்த கண்களில் அது இன்னும் மிகுதி.

இந்த விழுக்காட்டைக் கியா பார்மில் வைத்துப் பார். கோழி எருவும் பூச்சி மருந்தும் புழங்கும் காய்கறித் தோட்டம், மண் படிந்த கையால் வியர்வை துடைக்கும் பழக்கம், மழையில் மண் சரிந்தால் அடைபடும், ஈப்போவுக்கு இறங்கும் சிம்பாங் பூலாய் சாலை. காலையில் சிவந்த கண்ணில் மாலைக்குள் சீழ் இறங்கிவிடலாம். ஊசி போட வர முடியாதவரால் சீழ் கட்டும்போதும் உடனே வர முடியாது. நோயாளி தூரத்தில் இருக்கிறார் என்பதற்காக மருந்தைக் கூட்டாதே என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்முறைக்கு வருவோம். மெல்லிய பஞ்சுத் துண்டுகளை நனைத்து, சவ்வுக்கு அடியில் அகலமாகப் பரப்பி, பின்னால் தள்ளி வை. சிறு இடத்தில் குவித்தால்தான் மெலிந்த கொப்புளம் எழும். சவ்வின் வெட்டு விளிம்பில் மருந்து படாதபடி இடுக்கியால் தூக்கிப் பிடி; விளிம்பு ஆறாவிட்டால் கசியும். உள்ளே போன துண்டுகளை எண்ணி வெளியே எடு. பிறகு உப்புநீரால் தாராளமாகக் கழுவு. கண்ணின் உள்ளறையைத் திறப்பது அதற்குப் பிறகுதான். மருந்து உள்ளே போனால் கருவிழியின் உட்புற உயிரணுக்கள் அழியும். கருவுற்ற தாதியை மருந்து கலக்க விடாதே.

வடுவைத் தடுக்கும் மருந்துகளில் எல்லாரும் மறப்பது ஸ்டீராய்டு சொட்டு. அறுவைக்குப் பின் ஆறு, எட்டு வாரம் அதை ஒழுங்காக விட்டாலே பாதி வேலை நடந்துவிடும். திறந்த வழியை மூடும் வெள்ளைவிழி மடலின் தையல்களை இறுக்கமாகப் போட்டு, முதல் வாரங்களில் லேசரால் ஒவ்வொன்றாகத் தளர்த்து. வடுவைத் தூண்டும் புரதத்தையே குறிவைத்து வந்த எதிர்ப்பொருள் மருந்து ஒன்று 2007-இல் வெளியான ஆய்வில் தோற்றுவிட்டது. கைவசம் இருப்பவை இந்தப் பழைய கருவிகள்தாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் சொல். “கண் சிவந்தால், பீளை கட்டினால், வலித்தால், பார்வை மங்கினால் அன்றைக்கே இறங்கி வாங்க. விடியட்டும்னு இருக்காதீங்க.” மகனையோ மருமகளையோ பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல். தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு.

இப்போது உன் கேள்வி. முதல்முறை அறுவைக்கு வரும் சாதாரணக் கண்ணுக்கு ஒரு மில்லிலிட்டரில் 0.2 மில்லிகிராம், இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் போவதென்றால் உன் ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். மருந்தைக் கலக்கச் சொல்வதற்கு முன் நோயாளியின் கோப்பில் முகவரியைப் படி. வேலை என்ன, வீட்டில் யார், வண்டி உண்டா என்று கேள். நிமிடத்தை அதன் பிறகு முடிவு செய்.

அன்புடன்,
உன் அண்ணன்