மீட்டர் முள்ளும் எஞ்சின் சூடும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய காரின் டெம்பரேச்சர் மீட்டர் எஞ்சின் சூட்டை நேரடியாக அளப்பதில்லை. 1960களின் நடுவிலிருந்து வந்த பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் அது அளப்பது தன் வழியே ஓடும் மின்சாரத்தைத்தான். எஞ்சினில் திருகப்பட்ட சென்சாருக்குள் ஒரு சிறு வில்லை இருக்கிறது. தண்ணீர் சூடேற ஏற அதன் மின்தடை குறைந்து, ஓடும் மின்சாரம் கூடும். அந்த மின்சாரம் மீட்டருக்குள் உள்ள ஈருலோகத் தகட்டைச் சூடாக்கி வளைக்கும்போது முள் நகர்கிறது. பேட்டரி, வயர், எர்த், சென்சார், மீட்டர் ஆகியவற்றில் எது கெட்டாலும் முள் தவறாகவே காட்டும். ஈப்போவிலும் பழைய ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலும் இன்றும் கவனமாகப் பேணப்படும் கார்களுக்கு இந்த முள்ளைப் பற்றிய சில நம்பிக்கைகள் பெருங்கேடு விளைவிக்கின்றன.

“முள் எச் பக்கம் ஏறினால் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது என்று பொருள்.”

சில சமயம் அது உண்மைதான். செம்மண் சாலைத் தூசி ரேடியேட்டர் இடுக்குகளை அடைக்கும். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் கிணற்று நீரை ஊற்றி ஓட்டிய எஞ்சினுக்குள் உப்புப் படிவு சேரும். ஆனால் ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் பெட்ரோல் மீட்டரைப் பார்க்க வேண்டும். இவ்வகைக் கார்களில் இரண்டு மீட்டர்களுக்கும் ஒரே வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர்தான் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கிறது. அதன் தகர உறைக்கு எர்த் கிடைக்காவிட்டால் உள்ளேயிருக்கும் தொடர்பு விட்டுவிட்டுத் துண்டிக்கப்படாமல் மூடியே நிற்கும். அப்போது பேட்டரியின் 12 வோல்ட்டும், வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட்டும் அப்படியே மீட்டர்களுக்குப் போகும். டாங்கியில் பாதிப் பெட்ரோல் இருக்கையில் முக்கால் என்று காட்டி, கூடவே சூடும் ஏறியதாகக் காட்டினால் குற்றவாளி ஸ்டெபிலைசர். ஈரக்காற்றில் துருவேறிய அந்த உறையின் திருகைச் சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பல கார்களில் கோளாறு தீர்ந்துவிடும்.

ஜெலப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை நோக்கி ஏறும்போது முள் சற்று உயர்ந்து, இறக்கத்தில் திரும்புவது வேறு விஷயம். அது எஞ்சின் உண்மையாகவே உழைப்பதைக் காட்டுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் முள் பாய்ந்து மேலேறினால்தான் மின்பக்கம் சந்தேகப்பட வேண்டும். அவ்வளவு விரைவில் தண்ணீர் சூடாவதில்லை.

“சென்சார் வயரைக் கழற்றி பாடியில் தொட்டு, முள் கடைசிவரை போனால் மீட்டர் நல்லது.”

வயரும் மீட்டரும் உயிரோடு இருக்கின்றன என்பதை மட்டுமே இச்சோதனை காட்டும். 80 டிகிரியை அது 80 என்று காட்டுகிறதா என்பதற்கு இதில் விடையில்லை. நீண்ட நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் ஈருலோகத் தகட்டைச் சுற்றிய மெல்லிய கம்பி கருகவும் கூடும்.

“மரை பொருந்தினால் எந்தச் சென்சாரும் சரி.”

மரை ஒன்றாக இருந்தாலும் உள்ளிருக்கும் வில்லையின் மின்தடை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஸ்டெபிலைசர் கொண்ட மீட்டருக்கு ஒரு வகை, அதற்கு முந்தைய மீட்டருக்கு வேறு வகை. தண்ணீர் கசியாதிருக்க மரையில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றும் பழக்கமும் கெடுதியானது. ஒற்றை வயர் சென்சாருக்கு மரைதான் எர்த். டேப் அதைத் தடுத்தால் முள் குறைவாகக் காட்டி, உண்மையான கொதிப்பை மறைத்துவிடும். அதிகம் காட்டும் மீட்டர் பயமுறுத்துவதோடு சரி. குறைவாகக் காட்டும் மீட்டர் எஞ்சினைத் தின்றுவிடும்.

“முள் இறங்கிவிட்டது, இனி ஆபத்தில்லை.”

இந்த வரிசையில் மிகக் கொடிய நம்பிக்கை இது. குழாய் வெடித்துத் தண்ணீர் போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். அது தண்ணீரில் நனைந்திருக்கும்போதுதான் ஒழுங்காக அளக்கும். ஆகவே எச் வரை ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் வண்டியை உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது.

“நம் நாட்டு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை.”

தயாரிப்பாளர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். பல பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு 74, 82, 88 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுகள் இருந்தன. வெப்ப நாடுகளுக்கு 74. கழற்றி எறிந்தால் குறுந்தூர ஓட்டங்களில் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் ஆயில் கெட்டு, சிலிண்டர் தேயும். பைபாஸ் வழியை அடைக்கும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களில் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவருவதால் சூடு ஏறவும் செய்யும். மேலும், தெர்மோஸ்டாட் மீட்டரைச் சரிபார்க்கும் கருவியும் ஆகும். மேல் குழாய் சட்டென்று சூடாகும் நேரத்தில் முள் எங்கே நிற்கிறதோ, அதுவே அந்தத் தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு.

“மீட்டர் 100 காட்டாதவரை தண்ணீர் கொதிக்காது.”

கொதிநிலை உயரத்தோடு இறங்கும். ஈப்போவில் ஏறத்தாழ 100 டிகிரியில் கொதிக்கும் நீர், கேமரன் மலையில் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல 7 பவுண்டு ரேடியேட்டர் மூடி அதைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்திப் பிடிக்கும். மூடியின் ரப்பர் நைந்திருந்தால் மீட்டர் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த மலையில் தண்ணீர் பொங்கும். அங்கே மாற்ற வேண்டியது மூடியை.

“தவறாகக் காட்டும் மீட்டரைத் தூக்கி எறிவதுதான் வழி.”

பெரும்பாலும் தேவையில்லை. முதலில் ஸ்டெபிலைசரையும் எர்த்தையும் சரிசெய்ய வேண்டும். ஹெட்லைட் போட்டதும் முள் அசைந்தால் எர்த் இன்னும் சரியாகவில்லை. பிறகு சென்சாரைக் கழற்றி, அதன் பித்தளை உடலைக் காரின் எர்த்தோடு வயரால் இணைத்து, பாத்திரத்து நீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். பக்கத்தில் ஒரு வெப்பமானி. நீரைச் சூடாக்கி 60, 70, 80, 90 டிகிரிகளில் முள்ளின் இடத்தைக் குறிக்க வேண்டும். ஈருலோக மீட்டர் நிதானமானது. ஒவ்வோர் அளவிலும் ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி பளபளக்கும் உலோகத்தில் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் உறையில் ஓரிடத்தில் மங்கல் கறுப்புச் சாயம் பூசி அங்கே அளந்தால் நம்பலாம்.

முள் அதிகமாகக் காட்டினால் சென்சார் வயரில் தொடராக ஒரு மின்தடையைச் சேர்க்க வேண்டும். குறைவாகக் காட்டினால் அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றை இணைக்க வேண்டும். திருகி மாற்றக்கூடிய மின்தடையால் அளவைக் கண்டுபிடித்து, பிறகு நிலையானதைப் பற்றவைக்கலாம். தொடர் மின்தடை சூடான முனையிலும், மற்றது குளிர்ந்த முனையிலும் அதிகம் திருத்தும். எல்லா அளவிலும் துல்லியம் கிடைக்காது. 80 டிகிரிக்கு மேல் சரியாக இருந்தால் போதும்.

1950, 60களின் மெர்சிடிஸ் கார்களில் உள்ள மீட்டருக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. அங்கே மின்சாரமே இல்லை. எஞ்சினிலிருந்து மீட்டர் வரை ஓடும் மெல்லிய செம்புக்குழாயில் அடைபட்ட திரவத்தின் ஆவியழுத்தம்தான் முள்ளைத் தள்ளுகிறது. குழாய் முறிந்தால் முள் எழவே எழாது. இவ்வகை மீட்டர்களில் வழக்கமாக நிரப்பப்படும் ஈதர் எளிதில் தீப்பற்றும் என்பதால் வீட்டில் பற்றவைக்க முயலாமல், குழாயின் எஞ்சின்பக்க முனையை ஐஸில் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த கைகளிடம் கொடுக்க வேண்டும். எந்த வகையானாலும், மீட்டரைச் சோதித்துப் பார்க்காமல் தாப்பாவிலிருந்து கேமரன் மலையேற வேண்டாம்.