பாட்டு யாருடைய உடைமை?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கில் விளைவன எவை என்று கேட்டால் நெல், வாழை, திராட்சை, தென்னை என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவோம். அந்தப் பட்டியலில் பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வழியே இசையமைப்பாளராக அறிமுகமானார். அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-இல் ‘16 வயதினிலே’ படத்தை இயக்கினார். வைகை அணைக்காகக் குடிபெயர்ந்த மேட்டூர் என்னும் சிற்றூரில் பிறந்து வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து, 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்குத் தம் முதல் திரைப்பாட்டை எழுதினார். அந்தப் படத்தை இயக்கியவர் பாரதிராஜா, இசையமைத்தவர் இளையராஜா, அந்தப் பாட்டைப் பாடியவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். ஒரே பாட்டில் நம் மாவட்டத்து ஊர்கள் மூன்று கைகோத்து நின்றன.

அந்தப் பாட்டு யாருடைய உடைமை? எழுதியவருடையதா, இசையமைத்தவருடையதா, பாடியவருடையதா, பணம் போட்டவருடையதா, அல்லது கேட்டுக் கேட்டுத் தம் வாழ்வோடு சேர்த்துக்கொண்ட நம்முடையதா? இக்கேள்வியை ஆராய நான் புகுந்ததற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையின் கடை

என் தந்தையார் 1986-இல் உத்தமபாளையத்தில் ஒரு ‘ரெக்கார்டிங் சென்டர்’ தொடங்கினார். இன்றைய மாணவ நண்பர்கள் பலர் அப்படியொரு கடையைக் கண்டிருக்க மாட்டார்கள். கடையில் இசைத்தட்டுகள் அடுக்கியிருக்கும். நீண்ட நோட்டு ஒன்றில் பாடல்களின் பட்டியல் இருக்கும். வருகிறவர் தமக்கு வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். 60 நிமிட கேசட் ஒன்றில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு பதியலாம். வெற்று கேசட்டுக்கு 18 ரூபாய். பதிவுக் கூலி 10 ரூபாய். கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களே அப்பாவின் முக்கியமான வாடிக்கையாளர்கள். விடியற்காலையில் மலையேறும் ஜீப்பில் நல்ல பாட்டு இல்லையென்றால் தோட்டத்து ஆள்கள் அடுத்த ஜீப்பில் ஏறிவிடுவார்கள் என்று அப்பா இன்றும் சொல்வார்.

1991-இல் ஒரு நாள், ஒலிநாடா நிறுவனம் ஒன்றின் ஆள்கள் காவலர்களுடன் கடைக்கு வந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட கேசட்டுகளும் இரண்டு பதிவுக் கருவிகளும் போயின. அப்பாவை மாலை வரை காவல் நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வழக்கு நான்கு ஆண்டுகள் இழுத்தது. இறுதியில் அபராதம் கட்டுவதற்காகக் கடைச் சாமான்களோடு பாட்டியின் தோடும் விலைக்குப் போயிற்று. அதன்பின் அப்பா, தம் வாடிக்கையாளர்களைப் போலவே ஜீப் ஓட்டப் போனார்.

“நான் செஞ்சது திருட்டுன்னு எனக்கே தெரியாது தாயி. ஊருக்கு ஊர் அதே கடைதான இருந்துச்சு” என்பார். அவர் குற்றமற்றவர் என்று நிறுவிவிட வேண்டும் என்ற ஆவலில்தான் பதிப்புரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். படிக்கப் படிக்க என் எண்ணம் மாறியது.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. அதன்படி திரைப்பாட்டு ஒன்று ஒரே பொருள் அன்று; பல பொருள்களின் அடுக்கு. சொற்கள் ‘இலக்கியப் படைப்பு’. மெட்டும் இசையும் ‘இசைப் படைப்பு’. பதிவான ஒலி தனிப் படைப்பு. திரைப்படம் இன்னொரு படைப்பு. ஒவ்வோர் அடுக்குக்கும் உரிமை உண்டு. உரிமைக்குக் காலமும் உண்டு. எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1980-இல் வெளிவந்த ஒலிப்பதிவின் உரிமை 2040-இன் இறுதியில்தான் முடியும்.

பாடியவருக்கோ நெடுங்காலம் ஒன்றுமே இல்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இசைப் படைப்புக்குத் தந்த விளக்கமும் விந்தையானது. தாளில் எழுதப்பட்ட, அச்சிடப்பட்ட இசையையே அது இசைப் படைப்பாக ஏற்றது. தாளில் குறிப்பெழுதி இசையமைக்கும் இளையராஜா போன்றவர்களுக்கு அதில் இடமுண்டு. வாயால் பாடி, காதால் கேட்டு, தலைமுறை தலைமுறையாக வளர்த்த நம் நாட்டு இசைக்கு அதில் இடமில்லை! 1994-இல் வந்த திருத்தமே இந்த விளக்கத்தை மாற்றியது. பாடுவோர் முதலிய நிகழ்த்துநர்களுக்கும் அப்போதுதான் உரிமை பிறந்தது.

நடுவில் நின்றவர்

அடுக்குகள் பலவாயினும் பணம் எங்கே போயிற்று என்பதே கேள்வி. 1977-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்துப் பாட்டை உருவாக்கச் செய்த படத் தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர் என்பது அதன் சாரம். அதே தீர்ப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தார். பாடும் கலைஞனைச் சட்டம் காக்கத் தவறியதைச் சுட்டி, நாடாளுமன்றம் இதனைக் கவனிக்க வேண்டும் என்றார். நாடாளுமன்றம் முழுமையாகக் கவனிக்க 35 ஆண்டுகள் ஆயின! 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் உரிமத் தொகையில் சமபங்கு பெறும் உரிமையை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடினார்.

ஆனால் தண்டனைகள் இவ்வளவு காத்திருக்கவில்லை. கேசட் நாடெங்கும் பரவியதும், 1984-இலேயே சட்டம் திருத்தப்பட்டது. உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று ஆயிற்று. தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் குறைத்துக்கொள்ளலாம். என் தந்தை சிறை செல்லாமல் தப்பியது அதனால்தான். தமிழ்நாட்டில் 2004-இல் திருட்டு வீடியோத் தொழில் செய்வோரையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். பதிவு செய்து விற்றவனைப் பிடிக்க 1984. பாட்டைப் படைத்தவனுக்குப் பங்கு கிடைக்க 2012. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலுள்ள 28 ஆண்டுகளைப் பொருளியல் மாணவர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் வேலி போட்டது உண்மை. அந்த வேலிக்குள் நின்றவர் பெரும்பாலும் நடுவிலிருந்த வணிகர்.

2017-இல் இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாடுவது குறித்து எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் அறிவிப்பு அனுப்பினார். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் அன்று எழுந்த ஏளனம் நினைவிருக்கிறது: “நண்பனுக்கே நோட்டீசா?” 2024-இல் ‘குணா’ படப் பாட்டைப் பயன்படுத்திய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தாருக்கும் அறிவிப்பு சென்றபோது அதே பேச்சு எழுந்தது. நானும் அன்று சிரித்தவள்தான். இன்று சிரிக்க மாட்டேன். தாம் படைத்ததற்குப் பங்கு கேட்பதில் இழிவு ஏது? தோட்டத்துத் திராட்சைக்கு விலை கேட்பவரை நாம் பேராசைக்காரர் என்பதில்லையே! அதே வேளையில் மெட்டுக்கு உள்ள உரிமை சொல்லுக்கும் உண்டு, குரலுக்கும் உண்டு. பண்ணைப்புரத்துக்குத் தரும் நியாயத்தை வடுகபட்டிக்கும் தருவதே முறை.

இதைப் படித்தபின் அப்பாவிடம் கேட்டேன்: “அந்தப் பத்து ரூபாயில் பண்ணைப்புரத்துக்கு எவ்வளவுப்பா போச்சு?” பண்ணைப்புரமும் எங்கள் உத்தமபாளையம் வட்டத்து ஊர்தான். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “காலணா போகலை தாயி. அது என் தப்புத்தான். ஆனா நான் கட்டுன அபராதத்துலயும் அவருக்குக் காலணா போகலை.”

இந்த ஆய்வில் நான் படித்த எந்தத் தீர்ப்பும் இதைவிடத் தெளிவாகப் பேசவில்லை.

ஊருக்கு விட்ட உரிமை

சட்டம் கேட்பவரை அறவே மறந்துவிட்டது என்றும் சொல்லக்கூடாது. கல்லூரியின் செயற்பாடாக ஆசிரியரும் மாணவரும் பெற்றோர் முன்னிலையில் பாடுவது உரிமை மீறல் ஆகாது. ஆகவே நம் ஆண்டு விழாவில் அச்சமின்றிப் பாடலாம். சமயச் சடங்கு, அரசு விழா, கல்யாணம், அதையொட்டிய ஊர்வலம் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. திருமண வீடுகளில் பாட்டுக்குத் தொகை கேட்கக் கூடாது என்று 2023-இல் மைய அரசே அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் மெல்லிசைக் குழுவின் கச்சேரி சமயச் சடங்கா, வணிகமா? மேடையேறும் குழுவினர் இதை யாரிடம் கேட்பது? உரிமத் தொகையைத் திரட்டும் சங்கம் மும்பையில் இருக்கிறது. குழுவோ போடியில் இருக்கிறது.

படைத்தவரும் கேட்பவரும் ஒருங்கே பயன்பெற வழியுண்டா? தமிழ்நாடு முன்பே ஒரு வழி கண்டது. பாரதியாரின் பாடல்களுக்கான உரிமை அவர் மறைவுக்குப் பின் கைமாறிக் கைமாறித் தனியாரிடம் இருந்தது. மக்கள் குரல் எழுப்பினர். 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்றது. பின்னர் அது மக்களுக்கே வழங்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ தமிழறிஞர்களின் நூல்களை மாநில அரசு நாட்டுடைமையாக்கி, அவர்தம் குடும்பத்துக்குத் தொகையும் வழங்கியுள்ளது. படைத்தவர் வீட்டுக்குப் பணம், படிப்பவர் கைக்கு நூல்: இரண்டு முனையும் இங்கே நினைக்கப்பட்டன.

தொலைபேசியில் வந்த பாட்டு

இனி இன்னொரு நிகழ்ச்சி. 2012-இல் அப்பாவின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பதிவு செய்த குரல் ஏதோ பேசியது, பாட்டு ஒலித்தது. அழைப்பைத் துண்டிப்பதாக நினைத்து அப்பா ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். மறுநாள் இருப்பில் 30 ரூபாய் குறைந்திருந்தது. அவரை அழைத்தவர்களுக்கெல்லாம் மணியோசைக்குப் பதில் இளையராஜாவின் பாட்டு ஒன்று கேட்டது. அவர் ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான கேசட்டுகளில் பதிந்து கொடுத்த அதே பாட்டு! வாடிக்கையாளர் சேவைக்குப் பலமுறை பேசியும் அந்தப் பணம் திரும்பவில்லை.

அந்த நிறுவனம் பாட்டுக்கு முறையாக உரிமம் பெற்றிருக்கலாம். அப்படியாயின் பாட்டை அது திருடவில்லை. ஆனால் கேட்பவருடைய சம்மதம்? கேட்டவருக்குப் பதிந்து கொடுத்து 10 ரூபாய் வாங்கியது குற்றம்; கேட்காதவர் தலையில் கட்டி 30 ரூபாய் எடுத்தது ‘சேவை’. இத்தகைய முறையீடுகள் பெருகியபின் 2013-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இரண்டாம் முறையும் சம்மதம் பெற்ற பிறகே கட்டணச் சேவையைத் தொடங்க வேண்டும் என்று ஆணையிட்டது. விற்பனை அழைப்புகளைக் கட்டுப்படுத்த 2010-இலும் 2018-இலும் விதிகள் வந்தன. 1909 என்ற எண்ணில் நம் மறுப்பைப் பதிவு செய்யலாம். நல்லவைதான். எனினும் அழைப்பவரைத் தடுக்கும் பொறுப்பை அழைக்கப்படுபவர் தலையில் வைப்பது, தோட்டத்தில் மாடு மேய்ந்தால் தோட்டக்காரனே போய் மனுக் கொடு என்பதைப் போன்றது.

முடிவுரை

என் தந்தையார் குற்றமற்றவர் என்று நிறுவ வந்தேன், நிறுவ முடியவில்லை. அவர் படைத்தவரின் பங்கைக் கொடுக்கவில்லை. தொலைபேசி நிறுவனம் கேட்பவரின் சம்மதத்தைக் கேட்கவில்லை. முதல் தவறுக்குக் காவலர் வந்தார்கள். இரண்டாவதற்கு யாரும் வரவில்லை. வள்ளுவர் ‘கள்ளாமை’ என்ற அதிகாரத்தை வகுத்தபோது சிறியவர்க்கு ஒன்று, பெரியவர்க்கு ஒன்று என்று பிரிக்கவில்லை.

ஆகவே எந்தப் புதிய கருவி வந்தாலும், அதற்காக எந்தச் சட்டம் வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்போம். படைத்தவருக்குப் பங்கு போய்ச் சேர்ந்ததா? கேட்பவரிடம் சம்மதம் பெறப்பட்டதா? 2024-இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ. ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். அவர்கள் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்தார். மனமிருந்தால் கருவி எவ்வளவு புதியதாயினும் முறையாக நடக்க இயலும் என்பதற்கு இது சான்று.

எந்தப் பாட்டு யாருடையது, சிற்றூர்க் குழு ஒன்று பாடினால் என்ன தொகை என்பதை யாவரும் தமிழில் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு ஒன்று வேண்டும். சிறு கடைக்காரரிடம் தண்டும் தொகை படைத்தவருக்குச் சேரவும் வழி செய்ய வேண்டும். சம்மதமின்றி எடுத்த பணத்தை, கேட்கும் முன்பே திருப்பித் தரும் கடமை நிறுவனங்களுக்கு வேண்டும்.

அப்பாவின் பாட்டு நோட்டு இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கு எதிரிலும் படத்தின் பெயர் மட்டுமே எழுதியிருந்தது. இந்தக் கட்டுரைக்காக அதை எடுத்துத் தந்தபோது, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களையும் சேர்த்து எழுதச் சொன்னார். நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.