எல்லை மாறினால் எவை மாறும்?

எல்லை மாறுவது திருத்தணிக்குப் புதிதன்று. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தினின்று சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கற்பட்டு மாவட்டத்திற் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஒவ்வொரு முறையும் மனு கொண்டு செல்லும் அலுவலகம் மாறிற்று.

உள்ளாட்சிகளை இணைக்கும்போது மாற்றம் இன்னும் பெரிது. 2011இல் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. சாலை, வடிகால் போன்ற பணிகளை ஒரே திட்டமாக நடத்த இது உதவும். ஆயினும் அந்த ஊராட்சிகளில் தலைவர் பதவியும் கிராம சபையும் இல்லாதொழிந்தன.

சங்கங்களின் இணைப்பும் இத்தகையதே. அங்கத்தினர்கள் பேரவையில் கை உயர்த்துமுன் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும்: நம் சொத்தின் மதிப்பு என்ன? வந்து சேரும் கடன் எவ்வளவு? நிர்வாகக் குழுவில் நம் ஊருக்காகப் பேசுபவர் யார்?