சமூக ஊடக விளம்பரமும் அதன் செலவுக் கணக்கும்

புதுக்கோட்டை ஜில்லாவில் சின்ன வீரமங்கலம் என்னும் கிராமத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்தினர் சிலர், வயல்வெளியில் சமைக்கும் காட்சிகளை 2018-ஆம் ஆண்டு முதல் யூடியூபில் வெளியிட்டு வருகின்றனர். ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ எனப்படும் அவ்வெளியீட்டுக்கு 2021-ஆம் ஆண்டில் ஒரு கோடி சந்தாதாரர் சேர்ந்தனர். நீண்ட காட்சிகளினிடையே வரும் விளம்பரங்களின் வருமானத்தில் நூற்றுக்கு 55 பங்கை யூடியூப் வெளியிடுவோருக்கு அளிக்கிறது. இதனைக் கண்டு, தம் விளைபொருளையும் இவ்வழியே விற்கலாமென எண்ணுவோர் உளர். ஆனால் அக்குடும்பத்தினர் விளம்பரத்தால் பணம் பெறுகிறவர்கள். சரக்கு விற்பவரோ பணம் கொடுக்கிறவர். இரண்டும் ஒரே பேரேட்டின் எதிரெதிர்ப் பக்கங்களாகும்.

ஆதனக்கோட்டை முந்திரிப்பருப்பை விற்கும் ஒருவர், பேஸ்புக் விளம்பரத்துக்கு ரூ. 2,000 ஒதுக்கினார் என வைத்துக்கொள்க. சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 சேர, அவர் கையிலிருந்து செல்வது ரூ. 2,360. விளம்பரம் 40,000 முறை தோன்றிற்று. கண்டவர் 16,000 பேர். ஆகவே ஒருவர் கண்ணில் சராசரி இரண்டரை முறை பட்டது. வரி நீங்கலாக ஆயிரம் தோற்றத்துக்கு விலை ரூ. 50. விரலால் தொட்டு உள்ளே வந்தவர் 400 பேர். அதாவது நூற்றுக்கு ஒன்று, தலைக்கு ரூ. 5. இதுவரை யாவும் மலிவாகவே தோன்றும்.

வாங்கியவர் எண்மரே. வரியுடன் கணக்கிட்டால் ஒரு கிராக்கியைப் பிடிக்க ஆன செலவு ரூ. 295. கிலோ ரூ. 900-க்கு விற்று, அடக்கம் ரூ. 700-ம் பார்சல் கூலி ரூ. 80-ம் கழித்தால் மிஞ்சுவது ரூ. 120. ஆளுக்கு ஒரு கிலோ விற்றால் ஒவ்வொரு விற்பனையிலும் ரூ. 175 நஷ்டம். அதே எண்மர் மும்மூன்று கிலோ வாங்கி, பார்சல் கூலி ரூ. 150 ஆனால், விளம்பரச் செலவு போக ரூ. 155 தங்கும். விளம்பரம் மாறவில்லை, மூட்டையின் அளவே மாறிற்று.

விளம்பர இடமும் ஏலத்திலேயே விலைபோகிறது. எனினும் இது கமிஷன் மண்டி ஏலம் போன்றதன்று. கேட்ட தொகையுடன், பார்ப்பவர் அதனைத் தொடுவாரா என்னும் மதிப்பீட்டையும் பேஸ்புக் சேர்த்தே எடைபோடுகிறது. ஆகையால் தெளிவான படமுள்ள சிறு வியாபாரிக்கும் இடம் கிடைக்கக்கூடும். தீபாவளிச் சமயத்தில் பெருவியாபாரிகள் பலர் ஏலத்தில் புகுவதால் விலை ஏறும்; அப்போது சிறியவர் சற்று ஒதுங்கியிருத்தல் நலம்.

விருப்பக்குறிகளின் தொகையைக் காட்டிக் கூலி கேட்கும் தரகர்கள் கிராமங்களுக்கும் வருகின்றனர். விருப்பக்குறி இட்டவர் பருப்பு வாங்கினாரில்லை. மூன்று விநாடி ஓடிய படத்தையும் பேஸ்புக் தனிக் கணக்கில் காட்டும்; அதனை முழுதும் பார்த்ததாகக் கொள்ளலாகாது. உழவர் உற்பத்தியாளர் சங்கங்களுக்கு இத்தகைய கணக்கு வருமாயின், பொறுப்பாளர்கள் முதலில் கேட்க வேண்டியது, வரியுடன் ஒரு விற்பனைக்கு ஆன செலவு எவ்வளவு என்பதே. அத்தொகையைப் பேரேட்டில் பார்சல் கூலிக்கு அடுத்த பத்தியில் எழுதி வருதல் வேண்டும்.