கியர்ப்பெட்டியும் எண்ணெயும்

வண்டியச்சுக்கு எண்ணெயிட வேண்டுமென்பதை யாவரும் அறிவர். ஹெலிகொப்டர் விடயத்தில் அவ்வுண்மை உயிர்காக்கும் விதியாகின்றது.

ஹெலிகொப்டரின் எஞ்சின் நிமிடமொன்றுக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. மேலுள்ள பெருஞ்சுழலியோ சில நூறு முறையே சுழல வேண்டும். இவ்விரு வேகங்களையும் பொருத்திவைப்பது கியர்ப்பெட்டி. எஞ்சின் ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும். கியர்ப்பெட்டிக்கு மாற்று இல்லை.

அதனுள் ஓடும் எண்ணெய் இரு தொழில் புரிகின்றது. பற்சில்லுகளின் பற்களுக்கிடையே மெல்லிய படையாக நின்று உராய்வைக் குறைத்தல் ஒன்று. பிறக்கும் வெப்பத்தை ஏந்திச்சென்று குளிராக்கியிற் சேர்த்தல் மற்றொன்று. எண்ணெய் ஒழிந்தால் உருக்குப் பற்கள் சூடேறி வலிமையிழந்து சிதையும்.

2009 மார்ச் 12ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து எண்ணெய்க்கிணற்றுத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற சிக்கோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகொப்டர் கடலில் வீழ்ந்தது. பதினெண்மரில் ஒருவரே பிழைத்தார். எண்ணெய் வடிகட்டியின் கிண்ணத்தைப் பிணித்திருந்த மூன்று தைத்தேனிய ஆணிகளுள் இரண்டு முறிந்தமையே தொடக்கம். வடிகட்டியைக் கழற்றிப் பூட்டுந்தோறும் திருகுபுரிகள் தேய்வுற்று, ஆணிகள் களைப்படைந்திருந்தன. எண்ணெய் முழுதும் வெளியேறிய பின் ஏறத்தாழ 11 நிமிடங்களே எஞ்சியிருந்தன.

இங்கு மாணவர் கருதத்தக்க பௌதிகம் ஒன்றுண்டு. அமுக்கம் வீழ்ந்ததைக் கருவி காட்டியது, வெப்பநிலையோ உயரவில்லை. எண்ணெய் போயிருந்தால் வெப்பம் ஏறியிருக்கும் என விமானிகள் எதிர்பார்த்தனர். ஆதலின் பழுது வேறெங்கோ உளதென எண்ணிக் கரையை நாடினர். ஆனால் அவ்வெப்பமானி அளப்பது எண்ணெயின் வெப்பத்தையே. எண்ணெய் இல்லாதவிடத்து அது எதனை அளக்கும்? வாற்சுழலியை ஓட்டும் பற்சில்லு சிதைந்தபோது காலம் கடந்துவிட்டது.

எண்ணெய் இழந்த பின்னும் 30 நிமிடம் கியர்ப்பெட்டி இயங்க வேண்டுமென அக்காலச் சட்டம் கூறிற்று. எனினும் அத்தகைய இழப்பு மிக மிக அரிதெனக் காட்டின் விலக்களித்தது. 2002இல் நடந்த சோதனையில் இவ்வகைக் கியர்ப்பெட்டி 11 நிமிடமளவிற் சிதைந்திருந்தது. உற்பத்தியாளர், குளிராக்கிக்குச் செல்லும் வழியை அடைக்கும் வால்வு ஒன்றை அமைத்து, பிறவிடக் கசிவு அரிதென வாதித்து அனுமதி பெற்றனர். கசிந்ததோ அப்பிறவிடமே. 2008இல் அவுஸ்திரேலியாவில் இதேவகை ஆணி முறிந்து ஹெலிகொப்டர் ஒன்று உடன் தரையிறங்கித் தப்பியது. பின்னர், ஆணிகளை ஓராண்டுக்குள் மாற்றலாம் எனத் தவணை தரப்பட்டது. அத்தவணைக்குள்ளேயே பதினெழுவர் மாண்டனர். அதன் பின்னரே உருக்கு ஆணிகள் பறத்தற்கு முன் கட்டாயமாயின. விலக்குவிதியை நீக்குமாறு 2011இல் கனடாப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை பரிந்துரைத்தது.

நாம் பெறும் பாடம் இரண்டு: ஒரு கருவி எதனை அளக்கின்றது என்பதை அறிந்தே அதனை நம்புதல் வேண்டும், அரிது என்னும் சொல்லை ஒருபோதும் இல்லை என்று வாசித்தலாகாது. பொறியியல் பயிலப் புகும் நம் மாணவர் இவற்றை மனத்திருத்துவாராக.