தோற்சாட்டையும் அதன் உறுதியும்

தேயிலை பயிரிடும் மஞ்சூர் அங்கத்தினர்களும், தறி நெய்யும் சமவெளி அங்கத்தினர்களும் தோற்சாட்டையைப் பற்றி ஏன் படிக்கவேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மஞ்சூர்ச் சரிவுகளில் ஏருக்கும் மாட்டுவண்டிக்கும் வேலை குறைவு. ஆயினும் ஒரு நல்ல சாட்டை பல்லாண்டு உழைப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று நம் மலையில் வளர்கிறது. மற்றொன்று நெசவாளர் கையில் அன்றாடம் இருக்கிறது. ஆகையால் அதனையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, தோல். உரித்த தோல் ஈரமாக இருந்தால் அழுகும். வெறுமனே காயவைத்தால் விறைத்து வெடிக்கும். மரப்பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நார்களோடு பிணைந்த பிறகே அது அழுகாமலும் வளைந்துகொடுத்தும் நிற்கும். தமிழ்நாட்டில் இதற்கு வழிவழியாக உபயோகித்து வந்தது ஆவாரம்பட்டை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வாட்டில் பட்டை அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. நீலகிரியில் நாம் சீகை என்று சொல்லி விறகாக்குகின்ற மரமே அந்த வாட்டில். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து அதனை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்திற்குப் பின் பட்டைக்காகவே அரசு பெருந்தோட்டங்களை அமைத்தது. கறுப்பு வாட்டில் பட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துவர்ப்புச் சத்தாகும். சோலைகளையும் புல்வெளிகளையும் மூடிப் பரவிவிட்டபடியால் இன்று அது அகற்றவேண்டிய அயல்மரமாகக் கருதப்படுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் ஓரிரு நாளில் வேலை முடியும். குரோமியத் தோல் மென்மையானது. காலணியின் மேற்பகுதிக்கு ஏற்றது. ஆனால் சாட்டைக்கும் சேணத்திற்கும் இடைவாருக்கும் வேண்டியது கட்டுறுதியும் வடிவம் மாறாமையுமே. அவற்றைப் பட்டைத்தோல் தருகிறது. காலம் கொடுத்தாலன்றித் தராது.

இரண்டாவது, வார். மாட்டின் முதுகுப் பகுதித் தோலில் நார்கள் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதியில் தளர்ந்திருக்கும். நல்ல தொழிலாளி முதுகுத்தோலில் வார் வகுந்து, பின்னுமுன் அதனை இழுத்து நீட்டி, நுனி நோக்கிச் சிறுகச் சிறுக ஒடுக்குவார். பிறகு நான்கு அல்லது எட்டு வார்களைச் சம இழுப்பில் பின்னுவார். பாவில் ஓர் இழை தளர்ந்தால் துணி என்னாகும் என்பது நெசவாளருக்குத் தெரியும். பின்னலிலும் அப்படியே. ஒரு வார் தளர்ந்தால் அதன் பாரத்தை மற்றவை சுமக்கும். அவை முதலில் அறும். பின்னலுக்குள் மறைந்திருக்கும் நடுத்தண்டும் தோலாகவே இருக்கவேண்டும். கந்தலை வைத்துப் பருமன் காட்டிய சாட்டை விரைவில் உள்ளே நொய்ந்து மடங்கிவிடும்.

படிப்படியாக ஒடுங்குவது அழகுக்காக அன்று. கையிலிருந்து புறப்பட்ட வேகம் மெலிந்துசெல்லும் பின்னலில் பெருகி, நுனியில் ஒலியின் வேகத்தையும் மிஞ்சுகிறது. சாட்டையின் வெடிப்பொலி அதனால் எழுவதே என்பதை 1958இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் ஆராய்ந்து எழுதினர். நல்ல வண்டிக்காரருக்கு அந்த ஒலி போதும்; மாட்டின் மேல் அடி விழவேண்டியதில்லை. ஆணி பதித்த தார்க்குச்சியை 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் தடைசெய்திருக்கின்றன என்பதையும் அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

வாங்குவோர் கவனிக்கவேண்டியவை மூன்று. சாட்டையை வில்போல் வளைத்தால் எங்கும் மூலை விழாமல் ஒரே சீராக வளையவேண்டும். விரல்களுக்கிடையே உருவினால் முடிச்சோ பள்ளமோ தட்டக்கூடாது. கைப்பிடியும் பின்னலும் சேருமிடம் அசையக்கூடாது. பெரும்பாலும் முதலில் விட்டுப்போவது அவ்விடமே.

வாங்கியபின் காப்பது நம் பொறுப்பு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மஞ்சூர் வீடுகளில் செருப்பும் இடைவாரும் பூசணம் பிடிப்பதை நாம் அறிவோம். நனைந்த தோலை அடுப்பருகே வைக்காதீர்கள். சூட்டில் சுருங்கி வெடிக்கும். நிழலில் காற்றாட உலர்த்தி, சிறிதளவு ஆமணக்கெண்ணெய் தடவி, மடிக்காமல் தொங்கவிடுங்கள். எண்ணெய் மிகுந்தாலும் தோல் தளரும்.

இனி விலை. நைலான் சாட்டை மலிவு என்பது மெய்தான். ஆனால் மலிவானதை அடிக்கடி மாற்றினால் மொத்தச் செலவு என்ன என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். கைத்தொழிலாளி கேட்கும் விலையில் வாரக்கணக்கில் பதனிட்ட காலமும், வார் வகுந்து பின்னிய உழைப்பும் அடங்கியிருக்கின்றன. தோல் தொட்ட கையைத் தாழ்வாக எண்ணிய சமூகம் அவ்வுழைப்பின் விலையையும் நெடுங்காலம் தாழ்த்தியே வைத்தது. அந்தப் பிழையைக் கூட்டுறவாளர் தொடரலாகாது.

நீலகிரியில் சிறு விவசாயிகளின் முதல் தொழிற்கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962இல் குந்தாவில் தோன்றியது. நாம் கிள்ளிய கொழுந்தின் விலையைப் பிறரே முடிவுசெய்ததால்தான் அன்று ஒன்றுகூடினோம். பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்டு இன்றும் குரல் கொடுக்கிறோம். அதே வாயால் சாட்டை பின்னுபவரிடம் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுவது முறையாகுமா? சீர்தூக்கிப் பார்த்து, நல்ல பொருளை நல்ல விலைக்கு வாங்குவோமாக.