மஞ்சள் பூ ஒன்றுதான், செடி இரண்டு!

மாணவர்களே, ஐரோப்பாவின் வறண்ட பாறைகளிலும் பழைய கற்சுவர்களிலும் நட்சத்திர வடிவில் மஞ்சளாகப் பூக்கும் பல்லாண்டுத் தாவரம் ‘சீடம் ஆக்ரே’. மண் குறைவான இடத்தில், தடித்த இலைகளில் நீரைச் சேமித்தே அது பிழைக்கிறது.

ஆனால், அதே போன்ற இடங்களில் ‘சீடம் ரூபெஸ்ட்ரே’ செடியும் மஞ்சளாகவே பூக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். எப்படிப் பிரித்தறிவது?

இதழ்: ஆக்ரேவுக்கு 5, ரூபெஸ்ட்ரேவுக்குப் பெரும்பாலும் 6 அல்லது 7.

இலை: ஆக்ரேவின் இலை குட்டையானது, நுனி மழுங்கியது, ரூபெஸ்ட்ரேவின் இலை நீண்டது, நுனி கூரியது.

சுவைத்துப் பார்க்கலாமா? கூடவே கூடாது! ‘ஆக்ரே’ என்ற லத்தீன் சொல்லுக்கே காரமானது என்று பொருள். அதன் சாறு வாயில் எரிச்சலை உண்டாக்கும்.

எந்தக் காட்டுச் செடியானாலும் எண்ணுங்கள், அளந்து பாருங்கள். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள்.